பிரெக்ஸிட்: இல்லாத பிரிட்டனோடு ஒரு கணக்கு

வாராவாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிறது, அதை நம் மருத்துவச் சேவைக்குத் தருவோம் என்று சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராகச் சுற்றியது, பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறக் கோரிய விலகல் அணி. ஒன்றியம் பிரிட்டனுக்கு அளித்துவந்த தள்ளுபடியை அந்தத் தொகையில் கழிக்கவே இல்லை. 2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் விலகலுக்கு வாக்களித்தார்கள்.

எதிர்த்தரப்பும் அளந்து பேசவில்லை. வெளியேற முடிவெடுத்தாலே மந்தநிலை வரும், ஐந்து லட்சம் வேலைகள் பறிபோகும் என்றது பிரிட்டன் நிதியமைச்சகம். டாலருக்கு எதிராகப் பவுண்டு 1985-க்குப் பின் காணாத அளவு சரிந்தது உண்மை. ஆனால் மந்தநிலை வரவில்லை. அந்த அவசர எச்சரிக்கை பொய்த்ததால், நெடுங்கால இழப்பைப் பற்றிப் பொருளியலாளர்கள் சொன்னதற்கும் மதிப்பில்லாமல் போனது. இதுதான் பெரிய கேடு.

ஏனென்றால் இழப்பு மெதுவாகத்தான் வந்தது. ஒன்றியத்துடன் 2021 முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தப்படி, விதிகளுக்கு உட்பட்ட சரக்குக்குச் சுங்கவரி கிடையாது. தாள்வேலை உண்டு. பாலாடைக்கட்டி அனுப்பக் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். லாரி நிறைய ஏற்றும் நிறுவனம் அந்தச் செலவைத் தாங்கும். சிறு பண்ணைக்கு அது லாபத்தையே விழுங்கிவிடும்.

விலகாமல் இருந்திருந்தால் எட்டியிருக்கும் அளவைவிட நீண்டகாலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்பது பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. கொரோனாவும் உக்ரைன் போரும் காரணமில்லையா என்று விலகல் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விலகாத பிரிட்டன் என்று ஒன்று எங்கும் இல்லை; அதனால் ஒத்த நாடுகளின் வளர்ச்சியைக் கலந்து ஒரு கற்பனை பிரிட்டனை உருவாக்கி ஆய்வாளர்கள் ஒப்பிடுகிறார்கள். அந்த முறையில் ஓட்டைகள் உண்டு. ஆனாலும் பெரும்பாலான ஆய்வுகள் இழப்பையே காட்டுகின்றன. எவ்வளவு என்பதில்தான் சண்டை.

சட்டமியற்றும் உரிமைக்காக வாக்களித்தவர்களுக்கு இந்த இழப்பு ஏற்கத்தக்க விலையாக இருக்கலாம். அப்படிச் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. பிற நாடுகளுடனான புதிய வணிக ஒப்பந்தங்கள் இழப்பை ஈடுகட்டிவிடும் என்ற வாதம்தான் நிற்கவில்லை. 2025 ஜூலையில் இந்தியாவுடன் கையெழுத்தான ஒப்பந்தம் திருப்பூர் பின்னலாடைக்கு நல்ல செய்தி. பிரிட்டனுக்கு அதனால் கிடைப்பது, நாளடைவில் ஆண்டுக்கு 480 கோடி பவுண்டு என்கிறது அந்நாட்டு அரசு. பசிபிக் நாடுகளின் வணிகக் கூட்டமைப்பில் சேர்வதன் பலன், அரசின் தொடக்க மதிப்பீட்டில், மொத்த உற்பத்தியில் 0.08 சதவீதம். இரண்டையும் கூட்டினாலும் நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் சதவீதம்கூடத் தேறாது.