வெயில் அடித்தும் பனி சட்டென உருகாதது ஏன்? தார் சாலை மட்டும் சுடுவது ஏன்?

மணாலி, குல்மார்க் பக்கம் டூர் போனவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். தலைக்கு மேல் பளீர்னு வெயில் அடிக்கும். ஆனா காலடியில் பனி அப்படியே கிடக்கும். பக்கத்தில் பனியை அள்ளிவிட்ட தார் சாலையோ சீக்கிரமே காய்ந்து சூடேறிவிடும். ஒரே வெயில்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

திருப்பி அனுப்பும் பனி

விழுந்த வெயிலில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பொறுத்துதான் ஒரு பொருள் சூடாகும். இந்த அளவை 'ஆல்பிடோ' என்கிறார்கள். புதிதாகப் பெய்த பனி 80 முதல் 90 சதவீத வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். புதிய தார் சாலை திருப்பி அனுப்புவது சுமார் 5 சதவீதம்தான். மீதி எல்லாம் உள்ளே போய் சூடாக மாறும். கடல் நீரும் இப்படித்தான்; சுமார் 6 சதவீதம் மட்டுமே திரும்பும்.

பனி ஏன் வெள்ளையா இருக்கு?

ஐஸ் கட்டி கண்ணாடி மாதிரி இருக்கும். அதே ஐஸ்தான் பனியிலும் இருக்கு. ஆனா குட்டி குட்டி துகள்களாக. ஒவ்வொரு துகளிலும் பட்டுப் பட்டுச் சிதறும் வெளிச்சம் எல்லா நிறமும் கலந்து வெளியே வருவதால் வெள்ளையாகத் தெரிகிறது. சர்க்கரையும் அப்படித்தான். ஒரு துகள் கண்ணாடி போல, குவித்தால் வெள்ளை.

அழுக்கு படிந்தால் சிக்கல்

இமயமலைப் பனியில் புகைக்கரியும் தூசியும் படியும்போது அது கூடுதல் வெயிலை உறிஞ்சி வேகமாக உருகுகிறது. உருகியதும் அடியில் இருக்கும் கறுத்த பாறை வெளியே தெரியும். அது இன்னும் சூடாகி, சுற்றியுள்ள பனியையும் கரைக்கும்.

கண்கள் ஜாக்கிரதை!

புதிய பனி, புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கடற்கரை மணலில் இது சுமார் 15 சதவீதம்தான். அதனால் பனியில் மேலிருந்தும் கீழிருந்தும் கதிர்கள் கண்ணைத் தாக்கும். குளிர்தானே என்று சும்மா விட்டால், சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், வலி, நீர் வடிதல் வரலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்றாலும் டாக்டரைப் பார்ப்பது நல்லது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அவசியம்.

நம்ம வீட்டு மொட்டை மாடிக்கு...

மாடியில் வெள்ளை அடித்தால் வீட்டுக்குள் சூடு குறைவதும் இதே கணக்குதான். ஆனா பனிக்குச் சொன்னது மாடிக்கும் பொருந்தும். தூசி படிந்தால் பலன் குறையும். கோடைக்கு முன் ஒருமுறை கழுவிவிட்டாலே வெள்ளை மறுபடி வேலை செய்யும்.