மண்ணுக்குள் புதைந்த பானை

கோவை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் ஜார்ஜியாவின் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறாராம். விடுமுறைக்கு வந்தபோது, உடன் படிக்கும் பெண்ணின் வீட்டில் தயாரித்த சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவந்திருக்கிறார். “பெயரே கேள்விப்படாத குடும்பம். லேபிள்கூட கையால் எழுதியது. ஆனால் பெரிய கம்பெனி ஒயின்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. எப்படி?” என்று கேட்கிறார்.

பாதிப் பெருமை திராட்சைக்கு. கறுத்த திராட்சையைப் பிழிந்தாலும் பெரும்பாலான ரகங்களில் சாறு வெளுப்பாகத்தான் வரும். ஒயினுக்குச் சிவப்பைத் தருவது தோல். ஜார்ஜியாவின் சப்பெராவி ரகத்திலோ சதையே சிவப்பு. கூடவே புளிப்பும் தூக்கல் என்பதால் பல ஆண்டு தாங்கும். அந்நாட்டின் ககேத்திப் பகுதியில் ஒரு வீட்டில் நானும் குடித்திருக்கிறேன். தம்ளரின் மறுபக்கம் தெரியாத கறுப்பு.

மீதிப் பாதி குவெவ்ரிக்கு. திராட்சையைத் தோலும் விதையுமாக நொதிக்க வைக்க, கழுத்துவரை மண்ணில் புதைத்த சுடுமண் பானை அது. சில நூறு லிட்டர் முதல் ஆள் இறங்கி நிற்கும் அளவு வரை உண்டு. சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைத் திரித்து வளையம் வளையமாகக் கையால் ஏற்றி, ஒரு சுற்று இறுகிய பிறகே அடுத்தது. பெரிய பானைக்கு மாதக்கணக்கில் ஆகும். சுட்ட பின் சூடு ஆறுமுன் உள்ளே தேன்மெழுகு பூசுவார்கள்.

எனக்குப் பிடித்தது அதன் அடிப்பக்கம். தட்டையாக இல்லாமல் கூம்பி முடிகிறது. தரையில் நிறுத்தினால் நிற்காது, புதைத்தே ஆகவேண்டும். நொதிக்கும்போது கிளம்பும் சூட்டைச் சுற்றியுள்ள மண் வாங்கிக்கொள்கிறது. கொதிப்பு அடங்கியதும் விதைகள் அந்தக் குறுகிய நுனியில் போய்ச் சேர, அவற்றின்மேல் ஈஸ்ட் வண்டல் படிந்து மூடுகிறது. விதையின் கசப்பு ஒயினில் அதிகம் ஏறாததற்கு அதுவும் ஒரு காரணம். குழாய் இல்லை, வடிகட்டி இல்லை, வடிவமே வேலையைச் செய்கிறது! காலியான பிறகுதான் மனிதன் பாடுபட வேண்டும். எங்கள் ஊர்க் கிணற்றில் தூர் வாருகிறவரைப் போல ஒருவர் உள்ளே இறங்கித் தேய்ப்பார். சிறிய பானையென்றால், செர்ரி மரப்பட்டையில் கட்டிய துடைப்பத்தை நீளக் கழியில் செருகி வெளியிலிருந்தே கழுவுவார்கள்.

திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த பானை ஓடுகளில் சுமார் 8,000 ஆண்டுப் பழமையான ஒயின் தடயம் இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவ்வளவு நீண்ட மரபைச் சோவியத் காலத் தொழிற்சாலைகள் ஒரு தலைமுறைக்குள் ஓரங்கட்டின. 500க்கு மேற்பட்ட உள்ளூர்த் திராட்சை ரகங்கள் இருந்தும், விளைச்சல் கொழிக்கும் ஒருசில ரகங்களையே எங்கும் நட்டார்கள். குவெவ்ரி பிழைத்துக் கிடந்தது வீட்டுத் தேவைக்கு ஒயின் போட்ட விவசாயிகளிடம்தான். உங்கள் பாட்டிலின் கையெழுத்து லேபிளுக்குப் பின்னால் அப்படியொரு குடும்பம் இருக்கலாம். 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டதும் மலிவுச் சரக்கின் பெரிய சந்தை மூடிக்கொண்டது. தரத்தைப் பார்க்கும் வேறு நாடுகளைத் தேட வேண்டிவந்தது. 2013இல் யுனெஸ்கோ குவெவ்ரியில் ஒயின் தயாரிக்கும் முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் பட்டியல் பானை வனையாது. பெரிய குவெவ்ரி செய்யத் தெரிந்த குயவர்கள் இன்று சொற்பம். பழைய பானைகளை உணவக வாசலில் அலங்காரத்துக்குச் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

மகள் அடுத்த பாட்டில் கொண்டுவந்தால், நம் வெயிலுக்கு அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். திறந்த பிறகு ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். அடியில் வண்டல் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆட்டாமல் ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவை அப்படியே விட்டுவிடுங்கள்.