சுழலும் எந்திரமும் அளந்தூட்டும் எரிபொருளும்

அடுப்பு மூட்டிப் பழகிய எவருக்கும் ஓர் உண்மை தெரியும். விறகை நெருக்கி அடுக்கினால் புகை மண்டும். ஒன்றிரண்டு சுள்ளிகளை மாத்திரம் வைத்தால் தீ நில்லாது அணையும். காற்றும் விறகும் தம்முள் ஒத்த அளவிற் கூடும்போதே அடுப்பு நின்று எரிகின்றது. வானூர்தியை இழுத்துச் செல்லும் எந்திரத்திற்கும் இதுவே விதி. ஆனால், அடுப்பு அணைந்தால் சோறு பிந்தும்; ஆயிரம் அடி உயரத்தில் எந்திரம் அணைந்தால் உயிருக்கே இடர் நேரும். ஆதலால், எந்திரத்திற்கு எரிபொருளை அளந்தூட்டுதல் விமானக் கலையில் முதன்மையான கவலையாக என்றும் இருந்து வந்துள்ளது.

‘சுழல் எந்திரம்’ என்னும் பெயர் விமான வரலாற்றில் இருவேறு பொருள்களைக் குறிக்கும். முதலாவது, 1914ஆம் ஆண்டு தொடங்கிய முதலாம் உலகப் போரிற் பறந்த விமானங்களின் எந்திரம். பிரான்சு நாட்டுச் செகுவின் சகோதரர்கள் ஆக்கிய ‘நோம்’ எந்திரம் இவ்வகையைச் சேர்ந்தது. அதில் நடுத்தண்டு அசையாது நிற்க, உருளைகள் யாவும் விசிறியோடு சேர்ந்து சுழலும். பிரித்தானியரின் ‘சொப்வித் கமல்’ என்ற போர் விமானத்திலும் இவ்வகை எந்திரமே பூட்டப்பட்டிருந்தது. விமானம் நிலத்தை விட்டெழுந்ததும் விமானி தன் கையாலேயே பெற்றோலைச் சிறிது குறைக்க வேண்டும். அதை மறந்தால் எந்திரம் திணறி நிற்கும். பகைவரைக் காணுமுன்னரே, பயிற்சியின்போது இவ்வாறு விழுந்து மாண்ட இளைஞர் உளர்.

இரண்டாவது, ஜேர்மனியரான பீலிக்ஸ் வங்கல் என்பவரின் எண்ணத்திற் பிறந்தது. 1957ஆம் ஆண்டில் என்.எஸ்.யூ. தொழிற்சாலையில் இவ்வெந்திரம் முதன்முதலாக இயங்கியது. இதில் மேலும் கீழுமாக ஓடும் ஆடுதண்டு இல்லை. திறந்து மூடும் வாயில்களும் இல்லை. இடை சிறிது ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டினுள்ளே, பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று சுற்றுகின்றது. அது சுற்றும்போது அதன் மூன்று பக்கங்களும் காற்றை உள்ளிழுத்தல், அமுக்கல், எரித்தல், வெளியேற்றல் ஆகிய நான்கு தொழில்களையும் முறையே செய்கின்றன. சுழலி ஒருமுறை சுற்ற, தண்டு மூன்று முறை சுற்றும்.

யப்பானின் மஸ்டா நிறுவனம் 1967 முதல் இவ்வெந்திரத்தைத் தன் மோட்டார் வண்டிகளிற் பூட்டியது. அவற்றுள், ஒவ்வொன்றும் 654 கனசென்ரிமீற்றர் அளவுடைய இரு சுழலிகளைக் கொண்ட ‘13பி’ என்னும் எந்திரம் ஐக்கிய அமெரிக்காவில் விமானங்களைத் தாமே கட்டிப் பறப்போர் சிலரின் கருத்தைக் கவர்ந்தது. உருவிற் சிறியது, அசையும் உறுப்புகள் சில, அதிர்வும் குறைவு. ஆயினும் குறைகளும் உண்டு. எரிபொருளை இது சற்று மிகுதியாக உண்ணும். வெளியேறும் புகையோ மிகுந்த வெப்பமுடையது. நிமிடத்திற்கு 6000 முறை தண்டு சுற்றும்போதே இது நல்ல வலுவைத் தரும். விசிறியால் அவ்வேகத்தைத் தாங்க இயலாது. எனவே, இடையே பற்சில்லுகளை அமைத்து வேகத்தைக் குறைப்பர். 2.85க்கு ஒன்று என்ற விகிதத்திற் குறைத்தால், விசிறி நிமிடத்திற்கு ஏறக்குறைய 2100 முறை சுற்றும்.

இனி, எரிபொருளை ஊட்டும் முறையைக் காண்போம். பெற்றோல் முற்றாக எரிவதற்கு, நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வலுவைப் பெறுவதற்குக் கலவை இதனிலும் சிறிது செறிவாக, 13 பங்கு காற்றை ஒட்டி, இருத்தல் நன்று. கலவை மிகச் செறிந்தால் புகையும் வீண்செலவும் விளையும். முழு வலுவில் அது ஐதானால், எரிதல் வெடித்தலாக மாறிச் சுழலியின் முனைகளிலுள்ள அடைப்புத் தகடுகளை உடைத்துவிடும்.

இந்த அளவை இக்காலத்தில் இலத்திரனியற் கருவி கணிக்கின்றது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1967ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிகளுக்கு அளித்த கருவி இவ்வழியைப் பரவச் செய்தது. எந்திரம் காற்றை உறிஞ்சும் குழாயினுள் உள்ள அமுக்கம், அக்காற்றின் வெப்பநிலை, தண்டின் வேகம் ஆகிய மூன்றையும் கருவி அறிகின்றது. அவற்றைக் கொண்டு பெற்றோலைப் பீச்சும் சிறு குழலை எவ்வளவு நேரம் திறந்துவைப்பது என்று முடிவு செய்கின்றது. நிமிடத்திற்கு 6000 சுற்று எனின், ஒரு சுற்றுக்குக் கிடைப்பது ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கே. அதற்குள் அளந்து, திறந்து, மூடிவிட வேண்டும்.

கருவி இதை எவ்வாறு அறிகின்றது? பிள்ளைகள் பெருக்கல் வாய்பாட்டைப் பார்த்து விடை சொல்வது போலவே. ஒரு பக்கத்தில் வேகமும் மறு பக்கத்தில் அமுக்கமும் குறித்த கட்டங்கள் நினைவிற் பதிந்துள்ளன. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் உண்டு. அவ்வெண்களைச் சரியாக எழுதுவதே ‘இசைவாக்கல்’ எனப்படுகின்றது. வாய்பாட்டில் ஓரெண் பிழைத்தால், அதை மனனஞ் செய்த பிள்ளை ஒவ்வொரு முறையும் தயங்காது பிழையையே சொல்லும். கருவியும் அத்தகையதே.

இசைவாக்கும் வேலை நிலத்திலே தொடங்குகின்றது. விமானத்தை வலிய கயிற்றாற் கட்டி, சில்லுகளுக்குத் தடையிட்டு, எந்திரத்தை ஓட்டுவர். வெளியேறும் புகையில் எஞ்சிய ஒட்சிசனை அறியும் உணரி ஒன்று, கலவை செறிவா ஐதா என்பதைக் காட்டும். ஈயம் கலந்த விமானப் பெற்றோல் இவ்வுணரியைக் கெடுத்துவிடும். எனவே, ஈயமற்ற பெற்றோலையே வார்ப்பது நன்று. ஒருவர் எந்திரத்தை ஒரே நிலையில் நிறுத்த, மற்றவர் ஓரெண்ணை மாற்றி, உணரி காட்டும் அளவைக் கண்டு குறித்து, பின்னரே அடுத்த கட்டத்திற்குச் செல்வார்.

ஆனால், இங்கே ஒரு பொறி மறைந்துள்ளது. கோணம் மாறாத விசிறியைக் கொண்ட விமானம் நிலத்தில் நிற்கும்போது, ஒவ்வொரு வேகத்திற்கும் ஏறத்தாழ ஒரே அமுக்கமே அமையும். ஆதலால், வாய்பாட்டில் ஒரு கோட்டின் வழியிலுள்ள கட்டங்களே திருத்தம் பெறுகின்றன. வானிலோ நிலை வேறு. விமானி வலுவைக் குறைத்துத் தரையிறங்க வரும்போது, எதிர்க்காற்று விசிறியைச் சுழற்றுவதால் எந்திரத்தின் வேகம் தாழாது நிற்கும்; அமுக்கமோ மிகத் தாழும். நிலத்தில் ஒருபோதும் தொடாத கட்டங்கள் அவை. அங்குள்ள எண் பிழையாயின், ஓடுபாதையை அணுகிய விமானி மீண்டும் வலுவைக் கூட்டும் அந்நொடியில் எந்திரம் தயங்கும் அல்லது நின்றுவிடும். உயரமும் இல்லை, அவகாசமும் இல்லை.

இதற்கு விவேகிகள் கொள்ளும் வழி ஒன்று உண்டு. விமானநிலையத்திற்கு நேர் மேலே போதிய உயரத்திற்கு ஏறி, எந்திரம் நின்றாலும் மிதந்து வந்து இறங்கலாம் என்ற எல்லையினுள்ளே வட்டமிட்டு, வலுவைச் சிறிது சிறிதாகக் குறைத்து அக்கட்டங்களை அங்கேயே சோதித்துத் திருத்துவர். உயரம் கூடக் காற்றின் அமுக்கம் குறைவதும் அப்போது புலப்படும். 10,000 அடியில் அது கடல்மட்டத்து அமுக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கே. இத்தகைய எந்திரம் பூட்டிய விமானம் பயணிகளை ஏற்றுமுன், மக்கள் நெருங்கி வாழும் இடங்களைத் தவிர்த்து, பொதுவாக 40 மணி நேரம் சோதனையாகப் பறக்க வேண்டும் என்று அமெரிக்க விதி வகுத்திருப்பதும் இது கருதியே.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. பழைய விமான எந்திரம் தனக்கு வேண்டிய தீப்பொறியைத் தானே ஆக்கிக்கொள்ளும். மின்கலம் செத்தாலும் அது ஓடும். இலத்திரனியற் கருவியை நம்பிய எந்திரமோ மின்சாரம் அற்றவுடன் அணைந்துவிடும். ஆகவே, கருவி இரண்டு, பெற்றோற் பம்பி இரண்டு, மின்வழி இரண்டு என இணையிணையாக அமைப்பர். அத்துடன், கலவையைக் கையாலே கூட்டவும் குறைக்கவும் விமானியின் முன்னே சிறு திருகொன்றை வைப்போரும் உளர்.

அன்று சொப்வித் கமல் விமானியின் கையிலிருந்த பொறுப்பு அத்திருகின் வடிவில் இன்றும் தொடர்கின்றது. கணிக்கும் வேலையைக் கருவி ஏற்றுக்கொண்டது. கருவிக்குக் கற்பிக்கும் வேலை மனிதனிடமே உள்ளது. எவரும் எட்டிப் பாராத கட்டத்திலும் சரியான எண்ணை எழுதி வைத்தவனே அச்சமின்றித் தரையிறங்குவான்.