அப்பிளின் மென்பொருளும் அயலார் பொறியும்

கணினியொன்று தானாகத் தொழிற்படுவதில்லை. அதன் உறுப்புகளை ஒருங்கிணைத்து ஆள்வதற்குப் பணிசெயல் முறைமை எனப்படும் மென்பொருள் வேண்டும். தாய்ப்பலகை, முறைவழியாக்கி, நினைவகம் முதலியவற்றைத் தனித்தனியே விலைக்கு வாங்கி வீட்டிலேயே கணினி அமைப்போர், பெரும்பாலும் விண்டோஸ் அல்லது லினக்ஸ் முறைமையையே அதில் நிறுவுவர். அவருட் சிலர் அப்பிள் நிறுவனத்தின் மக் முறைமையை நிறுவ விழைந்தனர். அந்நிறுவனமோ, தன் முறைமை தன் பெயர் பொறித்த கணினிகளில் மாத்திரமே இயங்கவேண்டும் என உரிம ஒப்பந்தத்தில் விதித்திருந்தது. இவ்விதி என்றுமே இவ்வளவு இறுக்கமாக இருந்ததன்று. 1995 அளவில் வேறு சில நிறுவனங்கள் அனுமதி பெற்று மக் வகைக் கணினிகளை விற்றன. 1997 இல் ஸ்டீவ் ஜொப்ஸ் மீண்டு வந்ததும் அவ்வழி அடைபட்டது.

2006 ஆம் ஆண்டு வரை இவ்விருப்பம் நிறைவேறுதல் அரிதாகவே இருந்தது. மக் கணினிகளின் முறைவழியாக்கி அதுவரை வேறோர் இனத்தது. அவ்வாண்டில் அப்பிள் நிறுவனம் இன்டெல் முறைவழியாக்கிக்கு மாறிற்று. ஏனைய கணினிகளில் உள்ளதும் அதுவே. இடையிலிருந்த பெருமதில் இவ்வாறு வீழ்ந்தது.

எனினும் வாயிலில் ஒரு காவல் இருந்தது. மக் முறைமை தொடங்கும்போது, அப்பிள் கணினிகளில் மட்டும் உள்ள ஒரு சிறு சில்லிடம் திறவுகோலொன்றைக் கேட்கும். அத்திறவுகோல், தம் உழைப்பைக் களவாடவேண்டாம் என இரந்து நிற்கும் ஆங்கில வாசகமாகும்! பொறியியலாளர் பூட்டுச் செய்யுமிடத்து இவ்வாறு மன்றாடுதல் விந்தையே. வீட்டில் அமைத்த கணினியில் அச்சில்லு இல்லை. ஆகவே, அச்சில்லு போல நின்று விடையளிக்கும் மென்பொருளொன்றை ஆர்வலர்கள் இயற்றினர். அதனை முறைமைக்கு முன்னரே நினைவகத்துள் ஏற்றும் தொடக்க நிரலும் எழுதப்பட்டது. 2019 இல் வெளிவந்த ஓப்பன்கோர் அத்தகைய நிரல்களுள் ஒன்று. கணினி இன்ன மாதிரியான மக் எனப் பொய்ப்பெயர் சூட்டுவதும் அதன் பணியே.

இதனோடு வேலை முடிந்துவிடுவதில்லை. உண்மையில் இங்கேதான் தொல்லை தொடங்கும். மக் முறைமை தனக்குத் தெரிந்த உறுப்புகளுக்குரிய செலுத்தி மென்பொருள்களையே கொண்டது. ஒலி எழவில்லை எனில், ஒலிச்சில்லுக்குப் பொருந்தும் எண்ணை ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்கவேண்டும். 2015 இன் பின்னர் யூஎஸ்பி துறைகளுக்கும் ஒரு வரம்பு வந்தது. ஒரு கட்டுப்படுத்தியில் 15 துறைகளையே முறைமை ஏற்கும். மூன்றாந் தலைமுறைத் துறையொன்று பழையதும் புதியதுமாக இரண்டெனக் கணக்கிடப்படுவதால், கண்ணுக்குத் தெரியும் துளைகள் பத்தாயினும் கணக்கு இருபதாகிவிடும். எவற்றை வைத்து எவற்றை நீக்குவது என ஒவ்வொரு துளையிலும் செருகிப் பார்த்தே அறியலாம். இரவு முழுதும் விழித்திருந்தோர் பலர். புதிய பதிப்பு வருந்தோறும் முன்னர் இயங்கியது நின்றுவிடுவதும் உண்டு.

இதனை வணிகமாக்க முயன்றோருக்கு நேர்ந்தது வேறு. புளோரிடாவிலிருந்த சைஸ்டார் என்னும் நிறுவனம் 2008 இல் இத்தகைய கணினிகளை விற்கத் தொடங்கியது. விலை கொடுத்து வாங்கிய பிரதியையே நிறுவுகிறோம் என்பது அதன் வாதம். பொதுமக்கள் பலருக்கு அது நியாயமாகவே தோன்றியிருக்கும். புத்தகத்தை வாங்கியவன் எவ்விளக்கொளியிலும் படிக்கலாமன்றோ? ஆயினும் மென்பொருள் விற்கப்படுவதன்று, பயன்படுத்தும் உரிமமே வழங்கப்படுவது என்பது சட்டத்தின் நோக்கு. 2009 இல் கலிபோர்னிய நீதிமன்றம் அப்பிளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2011 இல் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைபெற்றது.

ஆயினும் ஆர்வலரின் வழியை அடைத்தது வழக்கன்று. 2020 இல் அப்பிள் தானே வடிவமைத்த முறைவழியாக்கிக்கு மாறத் தொடங்கி, 2023 இல் அம்மாற்றத்தை நிறைவு செய்தது. 2025 இல் வெளிவந்த தாஹோ பதிப்பே இன்டெல் கணினிகளுக்குரிய இறுதிப் பதிப்பு என அறிவித்துமுள்ளது. முன்னர் அமைத்த பொறிகள் உள்ள பதிப்புடன் இன்னும் சில காலம் இயங்கும். அப்பிளின் புதிய முறைவழியாக்கியோ தனியே விற்பனைக்கு வருவதில்லை. அதனைப் பொருத்துதற்குரிய தாய்ப்பலகையும் எக்கடையிலும் கிடையாது.