பழைய ஒலிபெருக்கியும் புதிய மின்தேக்கியும்

கேள்வியின் சிறப்பினை உணர்த்தத் தனியோர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. அக்கேள்விக்கு இன்று துணை நிற்கும் கருவிகளுள் ஒலிபெருக்கி தலையாயது. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் மேலை நாடுகளில் செய்யப்பட்ட ஒலிபெருக்கிப் பெட்டிகள் சிலவற்றை இசை ஆர்வலர் இன்றும் தேடி வாங்குகின்றனர். அவற்றுள் பல மங்கிய குரலில் ஒலிக்கின்றன. "காலம் முடிந்தது" எனக் கருதி அவற்றை எறிந்துவிடுவோரும் உளர். ஆயின், கூம்பும் காந்தமும் நலமாய் இருக்க, கைக்குள் அடங்கும் சிற்றுறுப்பு ஒன்று நலிந்திருப்பதே பலவிடங்களில் உண்மைக் காரணமாகும். அவ்வுறுப்பே மின்தேக்கி; கடைவீதியில் இதனைக் கண்டென்சர் என்பர்.

ஒலியைப் பங்கிடும் சுற்று

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை உணரவல்லது. இவ்வளவு பரந்த எல்லையை ஒரே கூம்பு செவ்வனே ஒலிப்பது அரிது. பெரிய கூம்பு முரசின் அதிர்வைத் தரும். ஆனால் விரைந்து அசையாது. சிறியது விரைந்து அசையும். ஆனால் தாழ்ந்த ஒலியைத் தாங்காது. எனவே தாழ்ந்த ஒலிக்கு ஊஃபர், உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர், சிலவற்றில் இடைப்பட்ட ஒலிக்கு மற்றொன்று என ஒரே பெட்டிக்குள் பல அமைக்கப்படுகின்றன. வரும் மின்னோட்டத்தை உரியவாறு இவற்றுக்குப் பங்கிட்டுத் தருவதே 'கிராஸ் ஓவர்' எனப்படும் பகுப்புச் சுற்று. கம்பிச் சுருளும் மின்தேக்கியும் அதன் இரு கைகள். சுருள் உயர் அதிர்வுகளைத் தடுக்கும். மின்தேக்கி தாழ் அதிர்வுகளைத் தடுக்கும்.

கணக்கால் இதனைத் தெளியலாம். 6 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறத்தாழ 265 ஓம் தடையாகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 2.65 ஓம் மட்டுமே. மெல்லிய ட்வீட்டரைத் தாழ்ந்த ஒலியின் தாக்குதலினின்று காக்கும் வாயிற்காவலன் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கியது அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம். மூடிய பெட்டியின் காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, சிறு பெட்டியிலும் ஆழ்ந்த ஒலியைப் பெறலாம் என எட்கர் வில்ச்சர் 1954இல் காட்டினார். அந்நிறுவனம் 1967இல் வெளியிட்ட ஏ.ஆர்.3ஏ என்னும் பெட்டியில் 12 அங்குல ஊஃபர் ஒன்றும், ஒன்றரை அங்குலக் குவிமாடம் ஒன்றும், முக்கால் அங்குலக் குவிமாடம் ஒன்றும் உள்ளன. 575 ஹெர்ட்சிலும் 5,000 ஹெர்ட்சிலும் ஒலி பகுக்கப்படுகிறது. ஊஃபர் பகுதிக்கு 150, இடை ஒலிக்கு 50, உயர் ஒலிக்கு 6 மைக்ரோஃபாரட் என மூன்று மின்தேக்கிகள் இதில் பணிபுரிகின்றன.

முதுமை வரும் வழி

அக்காலப் பெட்டிகள் பலவற்றில் மின்பகு நீர்மம் கொண்ட இருமுனை மின்தேக்கிகள் இடம்பெற்றன. அலுமினியத் தகடுகளுக்கிடையே நீர்மத்தில் தோய்ந்த தாள் சுருட்டப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல நீர்மம் அடைப்பின் வழியே சிறிது சிறிதாக வற்றும். வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணிப்பு. நீர்மம் வற்றியபின் கொள்ளளவு மாறும், உள்தடை உயரும். 6 மைக்ரோஃபாரட் 4ஆகக் குறைந்தால், 5,000 ஹெர்ட்சில் 5.3 ஓமாக இருந்த தடை 8 ஓம் ஆகிவிடும். உயர் ஒலி நலியும்.

இதனால் இழப்பது இசையின் பொலிவு மட்டுமன்று. மொழியியலார் உரசொலி என்பவற்றின் கூர்மை பெரிதும் உயர் அதிர்வுகளிலேயே உள்ளது. ஒலிப்பதிவில் கிராஅத் கேட்பவர், ஸீன் முதலிய எழுத்துகள் மழுங்கி ஒலிப்பதைக் கண்டு ஓதியவரைக் குறை கூறக்கூடும். குறை ஓதியவரிடம் இல்லாதிருக்கலாம். வற்றிப்போன மின்தேக்கியிடமும் இருக்கலாம்.

மாற்றும் முறை

முதலில் ஆம்ப்ளிஃபயரினின்று பெட்டியைப் பிரித்துவிடல் வேண்டும். பின்னர்ச் சுற்றினைப் படமெடுத்து, எந்தக் கம்பி எங்குச் செல்கிறது என எழுதி வைத்தல் நன்று. மின்தேக்கியின் ஒரு காலையேனும் சுற்றினின்று விடுவித்து, கொள்ளளவையும் உள்தடையையும் அளவுமானியால் காணவேண்டும். சரியாக உள்ளதை மாற்ற வேண்டுவதில்லை.

மாற்றும்போது கொள்ளளவு பழைய குறிப்பின்படியே இருத்தல் வேண்டும். வோல்ட் அளவு சமமாகவோ மிகுந்தோ இருக்கலாம். ஒலிபெருக்கியில் மின்னோட்டம் திசை மாறி மாறிப் பாய்வதால், நேர், எதிர் எனக் குறியிட்ட சாதாரண மின்பகு மின்தேக்கி இங்கு ஆகாது. வலம், இடம் இரு பெட்டிகளிலும் ஒருங்கே மாற்றுதலே முறை. கம்பிச் சுருள்களை இடம்பெயர்த்தால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று பாதிக்கும்; ஆதலின் அவற்றைத் தொடாது விடுக. எண்ணெய் நிரப்பிய பழைய மின்தேக்கிகள் சிலவற்றில் பி.சி.பி. என்னும் நச்சுப்பொருள் இருக்கக்கூடும். அவற்றை உடைத்துப் பார்த்தல் தகாது.

ஏ.ஆர்.3ஏ போன்றவற்றில் ஒலியளவைத் திருத்தும் குமிழ்களின் உட்பகுதி களிம்பேறுவதும் வழக்கம். மங்கலுக்கு அதுவும் காரணமாகலாம். எனவே பழியை மின்தேக்கியின் மேல் மட்டும் சுமத்தாது, அதனையும் ஆராய்க.

புதியதெல்லாம் சிறந்ததா?

இங்குதான் ஆர்வம் எல்லை மீறுகிறது. நெகிழிப் படலத்தால் ஆன இன்றைய மின்தேக்கிகள் வற்றுவதில்லை. உள்தடையும் மிகக் குறைவு. ஆயின் பழைய மின்தேக்கி புதிதாக இருந்தபோதே அதற்குச் சிறிது உள்தடை இருந்தது. அதனையும் உள்ளடக்கியே ஒலி சீர்செய்யப்பட்டது. அது நீங்கினால் உயர் ஒலி சற்று மிகலாம். அவ்வாறாயின் ஓமின் சிறு பகுதியளவு மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்துச் சமன் செய்வர். 150 மைக்ரோஃபாரட் போன்ற பெரிய அளவுக்குப் படல வகை விலையும் பருமனும் மிகுந்ததாதலால், புதிய இருமுனை மின்பகு வகையே போதுமானது. விலை உயர உயர இனிமையும் உயரும் என்பது வணிகர் வாக்கு. அளவுமானியின் வாக்கு அன்று.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வறம் புதிதன்று. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாத ஐயர், சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டு மூலபாடத்தைத் தேடினார். தேவரினும் சிறந்த பாடலைத் தாம் பாடித்தர முனைந்தாரில்லை. செல்லரித்ததைச் செப்பனிடுதல் வேறு. மூலத்தைத் திருத்தி எழுதுதல் வேறு. பழம்பொருள் நம் கையில் ஓர் அமானிதம். அதனை எறிந்துவிடுவது எளிது. நம் விருப்பத்திற்கேற்ப மாற்றிவிடுவதும் எளிது. படைத்தவன் எண்ணிய ஒலியை மீண்டும் கேட்கச் செய்வதே அரிது. அதற்கு வேண்டுவது அளந்தறியும் பொறுமையும், தன்னை முன்னிறுத்தாத அடக்கமும் ஆகும்.