துணைக்குப் பிணை

மலாயாப் பென்சன்காரர் என்ற பெயரைக் கேட்டறியாத மூத்த குடும்பம் யாழ்ப்பாணத்திலே அருமை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலங் கற்ற இளைஞர் பலர் கப்பலேறி மலாயா சென்றனர். அங்கே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய் உத்தியோகம் பார்த்தனர். இளைப்பாறியதும் ஊர் திரும்பிக் கல்வீடு கட்டி, மாதந்தோறும் வந்த உபகாரச் சம்பளத்தில் வாழ்ந்தனர். இலங்கையும் மலாயாவும் ஒரே முடியின்கீழ் இருந்த காலம் அது. ஆதலின் கணவனுக்காக மனைவியோ மனைவிக்காகக் கணவனோ அரசாங்கத்தின் முன் பிணை நிற்கவேண்டிய தேவை எழவில்லை.

1948 ஆம் ஆண்டு இந்நிலை மாறிற்று. சுதந்திரம் பெற்ற அவ்வாண்டிலேயே 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டமும் இயற்றப்பட்டன. பிரசை வேறு, அந்நியர் வேறு என்ற கோடு அன்று வரையப்பட்டது. அக்கோடு நாடுகளுக்கிடையே மாத்திரமன்றிச் சில குடும்பங்களின் நடுவேயும் சென்றது.

இன்று அக்கோட்டின்மேல் நிற்போர் வேறொரு தலைமுறையினர். 1983 ஆம் ஆண்டிற்குப் பின் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஜேர்மனிக்கும் சென்ற இளைஞர் இப்போது இளைப்பாறும் வயதை அடைந்துவிட்டனர். எஞ்சிய நாட்களைப் பிறந்த ஊரிலே கழிக்க விரும்புவோர் அவர்களுள் உளர். ஆனால் ஒருவர் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் பிரசாவுரிமையைப் பெறுவாராயின், முன்கூட்டியே உரிய ஒழுங்கு செய்யாவிடத்து, அவர் இலங்கைப் பிரசை என்ற நிலையை இழக்கிறார் என்பது நம் நாட்டுச் சட்டம். கோயிற் கொடியேற்றத்துக்கு வந்து நிற்கும் பெரியவர் ஊராருக்கு உறவினர்; சட்டத்துக்கோ அந்நியர்.

உதாரணமாக, கணவர் கனடாப் பிரசை, மனைவி ஊரிலே இளைப்பாறிய ஆசிரியை எனக் கொள்வோம். அவர் மனைவியுடன் நிரந்தரமாக வாழ விரும்பினால் செல்லத்தக்க வழிகள் யாவை?

முதலாவது, இலங்கைப் பிரசையின் வாழ்க்கைத் துணைவர் என்ற முறையிற் பெறும் வதிவிட வீசா. மனைவி எழுத்திலே கோரிக்கை விடுத்தல் வேண்டும். விவாகச் சான்றிதழ் வேண்டும். இது குறித்த காலத்துக்கே வழங்கப்படுவதால், காலந்தோறும் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தை நாடிப் புதுப்பித்தல் அவசியம். 55 வயதைக் கடந்த வெளிநாட்டவர் பண வைப்பின் பேரிலும் மாத வருமானத்தின் பேரிலும் வதிவதற்கு வேறொரு வீசாத் திட்டமும் வகுக்கப்பட்டது. அதுவும் தவணைக்குட்பட்டதே.

இரண்டாவது, நிரந்தர வதிவிட நிலை. முன்னாள் இலங்கைப் பிரசைகளையும் பிரசைகளின் துணைவரையும் கருத்திற்கொண்டு, 2015 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதற்கு இடமளித்தது.

மூன்றாவது, இரட்டைப் பிரசாவுரிமை. 1987 ஆம் ஆண்டு முதற்கொண்டு இதற்குச் சட்டத்தில் இடமுண்டு. 55 வயதைக் கடந்தமை, கல்வித் தகைமை, இலங்கையிலுள்ள சொத்து என்பன விண்ணப்பத்துக்கு ஆதாரமாகக் கொள்ளப்படுவன. இதனைப் பெற்றவருக்கு எவரும் பிணை நிற்கவேண்டியதில்லை. வெளிநாட்டார் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டமும் இரட்டைப் பிரசையைத் தடுப்பதில்லை.

துணைவர் இலங்கையராகப் பிறந்தவரல்லராயின் யாது செய்வது? பிரசாவுரிமைச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு இங்கே கவனிக்கத்தக்கது. இலங்கைப் பிரசையின் கணவரோ மனைவியோ, விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டு முழுவதும் இங்கு வதிந்திருப்பின், பதிவின் மூலம் பிரசையாக விண்ணப்பிக்கலாம். பிரசையை இழந்த விதவையையும் தபுதாரனையும் அப்பிரிவு சேர்த்தே கூறுகின்றது. எனினும் மலேசியாவும் இந்தியாவும் இரட்டைப் பிரசாவுரிமையை ஏற்பதில்லை. அந்நாட்டவர் ஒன்றைப் பெறுமுன் மற்றொன்றை விடத் தாம் ஆயத்தமா என்று சிந்தித்தல் வேண்டும்.

சீவனோபாயத்தையும் மறத்தலாகாது. இங்கிலாந்தின் அரச பென்சன், அதனைப் பெறுபவர் இலங்கையில் வதியும்போது ஆண்டுதோறும் உயர்வதில்லை. தொடங்கிய தொகையிலேயே நின்றுவிடும். கனடாவின் முதியோர் பென்சனை வெளிநாட்டிலிருந்து இடையறாது பெற, 18 வயதின் பின் அங்கே 20 ஆண்டுகளாவது வதிந்திருத்தல் வேண்டும். குறைந்தால் நாட்டைவிட்டு நீங்கிய ஆறு மாதத்தின் பின் அது நின்றுவிடும். எத்தனை ஆண்டுகள் அங்கு வதிந்தோம் என்பதை எண்ணிப் பாராது பயணச்சீட்டு வாங்குவது புத்தியன்று.

எதிர்த் திசையில், ஊரிலுள்ள முதியவரை அங்குள்ள துணைவர் அழைப்பதும் உண்டு. கனடாவிலே துணைவரை அழைப்பதற்கு வயதெல்லை இல்லை. ஆனால் அழைப்பவர் மூன்று ஆண்டுகளுக்கு அவருடைய அடிப்படைத் தேவைகளைத் தாமே பொறுப்பேற்பதாகக் கையொப்பமிடுகிறார். இடையிலே மனக்கசப்பு நேர்ந்து பிரிந்தாலும் அப்பொறுப்பு நீங்காது. பிள்ளைகள் பெற்றோரை அழைக்கும்போதோ, கியூபெக் மாகாணம் ஒழிந்த ஏனைய பகுதிகளில், அப்பொறுப்பு 20 ஆண்டுகள் நீள்கிறது. நோயாளரால் மருத்துவச் செலவு மிகும் என்ற காரணத்தாற் பெற்றோரை மறுக்கலாம். துணைவரை அக்காரணத்தால் மறுப்பதில்லை. சென்றவுடன் முதியோர் பென்சன் கிடைக்கும் என்றும் எண்ணலாகாது. அதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டு வதிவு வேண்டும். அதுவரை அழைத்தவரின் கையே துணை.

இவை யாவற்றையும் ஒருங்கே நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. நாற்பது ஆண்டு இல்லறத்தின் அன்பை அளக்கும் கோல் எந்தக் கந்தோரிலும் இல்லை. இவர் எவருடைய பொறுப்பில் வாழ்வார், எவர் செலவு செய்வார் என்பனவே அங்கு எழும் வினாக்கள். பிறர் கையொப்பத்தில் வாழ்வதற்கும் தம் உரிமையில் வாழ்வதற்கும் உள்ள பேதம் இளமையிலே பெரிதாய்த் தோன்றாது. முதுமையில், கையொப்பமிட்டவர் நோயுற்றாலோ மறைந்தாலோ, அப்பேதமே வீட்டு வாசலில் வந்து நிற்கும். கணவரை இழந்து எட்டுச் செலவு முடியுமுன்னரே, தன் வீசா என்னாகுமோ என்று ஒரு மூதாட்டி ஏங்குவது எத்துணைக் கொடுமை! ஆகவே வதிவிட வீசாவை ஒரு படியாகக் கொள்ளலாம். அதனையே வீடாகக் கொள்ளலாகாது. பிரசாவுரிமைக்கோ நிரந்தர வதிவிட நிலைக்கோ தகுதியுடையோர், இருவரும் உடல்நலத்துடன் இருக்கும்போதே விண்ணப்பித்தல் நன்று.

இதற்குத் தடையாய் நிற்பது பெரும்பாலும் பத்திரக் குறைவு. கோயிலிலே தாலி கட்டி நடந்த பழைய விவாகங்கள் சில பதிவு செய்யப்படவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் வேறொரு பெயரும் இருப்பதுண்டு. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, உறுதிகளையும் சான்றிதழ்களையும் இழந்த குடும்பங்கள் பல. பதிவாகிய பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். பெயர் வேறுபாட்டைத் தெளிவாக்கச் சத்தியக் கடதாசி முடிக்கலாம். கட்டணங்களும் விதிகளும் மாறுவனவாதலின், தரகர் சொல்லை நம்பாது திணைக்களத்திலேயே நேரில் விசாரித்தல் வேண்டும்.

இவ்விடயத்தில் மாணவர்க்கும் ஒரு பணியுண்டு. அடுத்த விடுமுறையில் பாட்டனார் பாட்டியாரின் பழைய பெட்டியைத் திறந்து, பிறப்பு, விவாகச் சான்றிதழ்களையும், பழைய கடவுச்சீட்டுகளையும், காணி உறுதிகளையும் வரிசைப்படுத்துங்கள், எழுத்துக்கூட்டலை ஒப்பிடுங்கள், பிரதி எடுத்து வேறோரிடத்தில் வையுங்கள். முதியோர் இருவர் ஒரே கூரையின் கீழ்ப் பிரியாது வாழ்வதற்கு அது பேருதவியாகும்.