ஒளிக்கும் வழி, மின்சாரத்துக்கும் வழி



கண்ணாடி வழியே ஒளி செல்லும், மின்சாரம் செல்லாது. செம்புத் தகட்டில் மின்சாரம் பாயும், ஒளி ஊடுருவாது. உலோகத்தினுள் தடையின்றித் திரியும் எலக்ட்ரான்களே மின்சாரத்தைச் சுமக்கின்றன. அவையே ஒளியைத் திருப்பியும் விடுகின்றன. ஆகவே இவ்விரு குணங்களும் ஒரே பொருளில் அமைவது அரிது. ஆனால் கைப்பேசியின் தொடுதிரைக்கு இரண்டும் வேண்டுமே!

இன்று பெரும்பாலும் இப்பணியைச் செய்வது, இண்டியம், வெள்ளீயம் என்னும் இரு உலோகங்களின் ஆக்ஸைடுகள் கலந்த மெல்லிய பூச்சாகும். இதில் இரண்டு குறைகள் உண்டு. இண்டியம் அரிய உலோகம். துத்தநாகத்தைப் பிரித்தெடுக்கும்போது சிறிதளவே கிடைக்கிறது. மேலும் அப்பூச்சு பொரித்த அப்பளம் போன்றது. வளைத்தால் விரிசல் விடும். சுருட்டி வைக்கும் திரைக்கு அது எப்படி உதவும்?

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி எளியது. கொசுவலையை எண்ணிப் பாருங்கள். நூல் ஒளியை மறைத்தாலும் இடைவெளி வழியே வெளிச்சம் வருகிறதன்றோ? அதுபோல வெள்ளியை மிக நுண்ணிய கம்பிகளாக்கிப் பிளாஸ்டிக் தாளின்மேல் பரப்புகிறார்கள். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர்; இக்கம்பியின் பருமனோ 100 நானோமீட்டருக்கும் குறைவு! ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் கம்பிகள் வழியே மின்சாரம் ஓடும். இடைவெளிகள் வழியே ஒளி செல்லும். தாளை வளைத்தாலும் வலை அறுவதில்லை.

ஆனால் கம்பிகள் தொடும் இடங்களில் மின்சாரத்துக்குத் தடை ஏற்படுகிறது. அங்கே மின்கடத்தும் பாலிமர் கைகொடுக்கிறது. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றே நாம் படிக்கிறோம். 1977ஆம் ஆண்டு ஷிராகாவா, மக்டியார்மிட், ஹீகர் ஆகிய மூவரும் பாலிஅசிட்டிலீன் என்னும் பாலிமரில் அயோடினைச் சேர்த்து, அது உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தக் கண்டார்கள். 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. இவ்வகைப் பாலிமரைக் கம்பிகளின்மேல் பூசினால் இணைப்புகள் உறுதிப்படுகின்றன.

இணைப்பே இல்லாத வலை உண்டா? உண்டு! பெங்களூரில் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் ஜி. யு. குல்கர்னி குழுவினர் அதைச் செய்து காட்டினர். கோடையில் நம் கண்மாய் வற்றித் தரை பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருக்கிறோம். வெடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்தே ஓடும். அதுபோல் கண்ணாடிமேல் ஒருவகைப் பிசினைப் பூசி உலர விட்டால் அது வெடிக்கிறது. அதன்மேல் உலோகத்தைப் படியவிட்டுப் பிசினைக் கழுவிவிட்டால், வெடிப்புகளில் படிந்த உலோகம் மட்டும் வலையாக நிற்கிறது. ஒரு பூச்சில் விரிசல் குறை. இன்னொன்றில் அதுவே துணை!

பொருள்களில் மின்சாரம் நிகழ்த்தும் மாற்றங்களை ஆராயும் கூடம் ஒன்று நமக்கு அருகிலேயே, காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. ‘சிக்ரி’ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

மேல்வகுப்பில் விஞ்ஞானம் பயில எண்ணும் தோழியரே! வெடித்த கண்மாயை நாமும்தான் ஆண்டுதோறும் பார்க்கிறோம். இனி, “இது எதற்குப் பயன்படும்?” என்று கேட்டபடி பார்ப்போம்.

— மாணவி, பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு